ஒரு பழிச்சொல்லின் வரலாறு: பிலிப்பினோ தேசியக் குணம் எழுதப்பட்ட விதம்

பிலிப்பைன்ஸ் தீவுகளின் மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஸ்பெயினிலிருந்த நண்பர் ஒருவர் கேட்டதற்கு, 1720இல் காஸ்பர் தெ சான் அகுஸ்தின் என்ற அகஸ்தீனியத் துறவி நீண்ட கடிதம் ஒன்றைப் பதிலாக எழுதினார். அவர் பல பத்தாண்டுகளாக அந்தத் தீவுகளில் இருந்தவர். ஸ்பானியர் தீவுகளைக் கைப்பற்றிய கதையை 1698இலேயே நூலாக்கியிருந்தார். கடிதத்தில் அவர் அடுக்கிய குறைகளில் சில வீட்டு வாசலைத் தாண்டாதவை. திறந்த கதவைச் சாத்த மாட்டார்கள். கத்தியோ கத்தரிக்கோலோ சுத்தியலோ எதை எடுத்தாலும், எடுத்த இடத்தில் திரும்ப வைக்காமல் வேலை செய்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். முன்பணம் கொடுத்தால் வேலை நின்றுவிடும். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் எந்த ஊரிலும் சொல்லும் புகார்தான் இது. துறவி இதை ஓர் இனத்தின் குணமாக்கினார்.

கடிதம் கைப்பிரதிகளாகப் பரவியது. அதற்குப் பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகப் பிலிப்பினோ தேசியக் குணம் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் அந்தக் கடிதத்துக்கு வழிமொழிதலாகவோ மறுப்பாகவோ அமைந்தது. பாதிரியார், நாவலாசிரியர், காலனி அதிகாரி, மானிடவியலாளர், உளவியலாளர் என ஒவ்வொருவரும் ஒரு சித்திரம் தீட்டினர். அந்தச் சித்திரங்களைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தந்தக் காலத்தின் உழைப்புத் தேவை இருந்தது தெரிகிறது. யாரிடமிருந்து எந்த வேலையை வாங்க வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்து, அவர்களைப் பற்றிய வருணனையும் மாறியது.

நாற்பது நாள் உழைப்பு

கடிதம் எழுதப்பட்ட காலத்தில் தீவுகளின் பொருளாதாரம் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய பெருங்கப்பல்களை நம்பியிருந்தது. அந்தக் கப்பல்களைக் கட்டியவர்கள் உள்ளூர் மக்கள். 16 முதல் 60 வயதுக்குட்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் அரசுக்குக் கட்டாய வேலை செய்ய வேண்டும். காடுகளில் மரம் வெட்டி இழுத்து வருவதும் கவித்தே கப்பல் தளத்தில் உழைப்பதும் அதில் கொடுமையானவை. விசயாஸ் தீவுக்காரர்களையும் கவித்தேக்கு அனுப்ப உத்தரவு வந்தபோது, 1649இல் சமார் தீவின் பலாபாக் ஊரில் சுமுரோய் என்பவர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அது பக்கத்துத் தீவுகளுக்கும் பரவி, அடுத்த ஆண்டுதான் ஒடுக்கப்பட்டது. 1782இலிருந்து நூறாண்டு நீடித்த புகையிலை ஏகபோகம் இன்னொரு சுமை. காகயான் பள்ளத்தாக்கு விவசாயி அரசு சொன்ன அளவு புகையிலை பயிரிட்டு, அரசு சொன்ன விலைக்கு அரசிடமே விற்க வேண்டும். பணத்துக்குப் பதிலாகப் பல நேரம் கடன் சீட்டுத்தான் கைக்கு வந்தது.

இந்த நிலையில் உழைப்பில் ஆர்வம் குறைவதற்குக் காரணம் தேட இனக் குணம் வரை போக வேண்டியதில்லை. துறவிகளிலேயே ஒருவர் இதைக் கண்டார். சமார், லெய்த்தே பகுதிகளை நன்கறிந்த ஏசு சபையைச் சேர்ந்த ஹுவான் ஹோசே தெல்காதோ, 1750களின் தொடக்கத்தில் எழுதிய தம் வரலாற்று நூலில் சான் அகுஸ்தினுக்கு நேரடியாகப் பதில் சொன்னார். நமக்குச் சோறு போடுவது யார், உழுவதும் விதைப்பதும் அறுப்பதும் ஸ்பானியரா என்று அவர் கேட்டார். மணிலாவில் கால் வைத்ததுமே ஸ்பானியர் எல்லோரும் பிரபுக்களாகிவிடுகிறார்கள் என்பது அவருடைய கிண்டல். ஆனால் அந்த நூல் அச்சேறியது 1892இல்தான். பழி ஊர் சுற்றிய காலமெல்லாம் பதில் கைப்பிரதியாகவே முடங்கிக் கிடந்தது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு நகலெடுப்பு

அச்சில் வந்த வலுவான பதில் ஹோசே ரிசாலுடையது. கலம்பா ஊரில் 1861இல் பிறந்து, மாட்ரிட்டில் மருத்துவம் படித்துக் கண் மருத்துவரான ரிசால், 1888இல் லண்டன் சென்றார். அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து, அந்தோனியோ தெ மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609இல் மெக்சிகோவில் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் பற்றிய நூலைத் தம் கையாலேயே முழுவதும் நகலெடுத்தார். அதற்குக் குறிப்புகள் எழுதி, 1890 என்ற ஆண்டு பொறித்துப் பாரிசில் பதிப்பித்தார். தேர்வு தற்செயலானதல்ல. மோர்கா பாதிரியார் அல்ல, அரசு அதிகாரி. ஆட்சியின் தொடக்க காலத்தை நேரில் கண்டவர். முன்பு செய்துவந்த உழவையும் நெசவையும் கோழி வளர்ப்பையும் மக்கள் மறந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவரே எழுதியிருந்தார். ஆட்சியின் சாட்சியை வைத்தே ஆட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ரிசாலுக்கு இது போதுமானதாக இருந்தது.

நாட்டார் வழக்காறுகளைத் திரட்டிய இலோகானோ அறிஞர் இசபெலோ தெ லோஸ் ரேயஸ், இந்தக் குறிப்புகளில் நாட்டுப்பற்று ரிசாலின் கண்ணை மறைத்துவிட்டதாக விமர்சித்தார். பழைய காலத்தை ரிசால் பொற்காலமாகப் பார்த்தது உண்மைதான்.

அதே 1890இல், ஸ்பெயினில் வாழ்ந்த பிலிப்பினோக்கள் நடத்திய ‘லா சொலிதாரிதாத்’ இதழில், ஜூலை முதல் செப்டம்பர் வரை ஐந்து பகுதிகளாகப் பிலிப்பினோக்களின் சோம்பல் பற்றிய ரிசாலின் கட்டுரை வந்தது. கிரெகோரியோ சான்சியாங்கோ 1881இல் தம் பொருளாதார நூலில் எழுப்பிய வாதத்தை அது முன்னெடுத்தது. படிப்பவர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, சோம்பல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் ரிசால் தொடங்குகிறார். வெப்ப நாட்டில் உடல் தளர்வது இயல்பு. குளிர் நாட்டிலிருந்து வந்த ஐரோப்பியரும் அங்கே வண்டியை விட்டு இறங்குவதில்லை. காலணி கழற்ற ஓர் ஆள், விசிற ஓர் ஆள் என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் உள்ளூர்க்காரரை மட்டும் சோம்பேறி என்பது எந்த நியாயம்?

அடுத்து அவர் சோம்பலைக் காரணம் என்ற இடத்திலிருந்து எடுத்து விளைவு என்ற இடத்தில் வைக்கிறார். 13ஆம் நூற்றாண்டுச் சீன ஆவணம், 1521இல் மகெல்லனுடன் வந்த பிகாஃபெத்தாவின் குறிப்புகள், மோர்காவின் நூல் ஆகியவற்றைக் கொண்டு, ஸ்பானியர் வருமுன் தீவுகளில் வணிகமும் தொழிலும் நடந்ததை நிறுவுகிறார். பிறகு அவை எப்படிச் சரிந்தன என்று வரிசைப்படுத்துகிறார்: ஓயாத போர்கள், கடற்கொள்ளை, கப்பல் தளங்களின் கட்டாய உழைப்பு, நிலத்தில் உழைத்தாலும் பலன் தனக்கு நிற்காத நிலை, சூதாட்டத்துக்கு அரசு தந்த ஊக்கம். நோய் முற்றியதற்கு நோயாளியின் உடல்வாகையே குற்றம் சொல்லும் மருத்துவரைப் போல் ஆட்சியாளர்கள் பேசுகிறார்கள் என்பது மருத்துவரான அவருடைய வாதம். கல்வியும் அவர் பட்டியலில் உண்டு. உன்னால் ஆகாது என்று பிறந்தது முதல் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, கடைசியில் அதை நம்பிவிடுகிறது. அதே சமயம் தன் மக்களுக்குள் தேச உணர்வு இல்லாததையும் அவர் குறையாகச் சொல்லத் தவறவில்லை.

கட்டுரை வாதமாகச் சொன்னதை நாவல் மூன்றாண்டுகளுக்கு முன்பே மனிதர்களாகக் காட்டிவிட்டது. மாக்சிமோ வியோலா என்ற நண்பர் கொடுத்துதவிய பணத்தில் 1887இல் பெர்லினில் 2,000 படிகள் அச்சான ‘நோலி மே தாங்கெரே’யில் ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். பள்ளிக்கூடம் நடப்பது பாதிரியார் மாளிகையின் கீழ்த்தளத்தில், அவருடைய குதிரை வண்டிக்குப் பக்கத்தில். பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்தால் பாதிரியாருக்கு இடைஞ்சல். ஸ்பானிய மொழி கற்றுத்தர முயன்ற ஆசிரியர் ஏளனத்துக்கு ஆளாகிறார். கைவிட்டிருந்த பிரம்பை மறுபடி எடுக்க வேண்டியதாகிறது. பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை என்ற கேள்விக்கு அந்த ஓர் அறையே பதில். இந்த நாவலில் ‘பிலிப்பினோ’ என்ற ஒற்றை வார்ப்பு கிடையாது. அதிகாரத்துக்குக் கைகட்டும் கபித்தான் தியாகோ, ஸ்பானியப் பெண்ணாகவே தன்னைப் பாவிக்கும் தோன்யா விக்தோரினா, பிள்ளைகளைப் பறிகொடுத்துப் பித்துப் பிடித்த சீசா, அடங்க மறுக்கும் எலியாஸ் என்று ஒருவருக்கொருவர் ஒவ்வாத மனிதர்கள் ஒரே ஊரில் வாழ்கிறார்கள்.

சோம்பேறிகளைத் தேடி வந்த கரும்புத் தோட்டங்கள்

1896 டிசம்பர் 30 அன்று ரிசால் சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டாண்டுகளில் ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. புதிய ஆட்சியின் கேள்வி, இந்த மக்களுக்குத் தன்னாட்சி நடத்தும் பக்குவம் உண்டா என்பது. 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் இறங்கினர். பள்ளிகளில் ஆங்கிலம் புகுந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டனர். மலைவாழ் இகோரோட்டுகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஆள வந்தவர்களின் பொறுப்பை நிரூபிக்க, ஆளப்படுபவர்களின் முதிராமை தேவைப்பட்டது.

அதே காலத்தில் ஹவாய் கரும்புத் தோட்ட முதலாளிகள் சங்கம் வேறு கணக்குப் போட்டது. 1906 டிசம்பரில் முதல் 15 பிலிப்பினோ தொழிலாளர்கள் ஹொனலூலு போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த முப்பதாண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள். கலிஃபோர்னிய வயல்களில் நாள் முழுவதும் குனிந்து செய்யும் வேலைக்கு இவர்கள்தான் பொருத்தம் என்று அங்கே சொல்லப்பட்டது. சோம்பேறி இனம் பசிபிக்கைக் கடந்ததும் உழைக்கவே பிறந்த இனமாகிவிட்டது. அந்த வயல்களின் அடியையும் அவமதிப்பையும் கார்லோஸ் புலோசான் 1946இல் வெளிவந்த ‘அமெரிக்கா இதயத்தில் இருக்கிறது’ நூலில் பதிவு செய்தார்.

இந்த இரட்டைப் பேச்சு பிலிப்பைன்ஸுக்கு மட்டும் உரியதன்று. மலேய சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறி நாட்டார் என்ற கட்டுக்கதை’, மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோக்கள் மூவர் மீதும் ஒரே பழி சுமத்தப்பட்டதை ஒப்பிட்டது. தோட்டக் கூலியாக மறுத்த மலாய்க்காரர் சோம்பேறி எனப்பட்டனர். அந்த ரப்பர்த் தோட்டங்களை நிரப்பத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டனர். ரிசாலின் 1890 கட்டுரையை அலத்தாஸ் தம் ஆய்வின் முன்னோடியாக எடுத்துக்கொண்டார்.

தானே தீட்டிய சித்திரம்

1946இல் விடுதலை வந்தபின் குணம் பற்றிய விவாதம் வீட்டுக்குள் வந்தது. செனட்டர் கிளாரோ ரெக்தோ முன்னெடுத்த ரிசால் சட்டம் 1956 ஜூன் 12 அன்று கையெழுத்தானது. ரிசாலின் வாழ்வும் எழுத்தும் பாடமாயின. கல்லூரிகளில் நாவல்களின் வெட்டுப்படாத பதிப்பே பாடநூல். கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்ததால், சமய நம்பிக்கை காரணமாகப் படிக்க விரும்பாதவர் உறுதிமொழி எழுதிக்கொடுத்து விலக்குப் பெறலாம் என்ற சமரசம் சேர்க்கப்பட்டது. ரிசால் எழுதிய ஸ்பானிய மொழி அதற்குள் மங்கிவிட்டதால், மாணவர்கள் தேசிய நாவலை மொழிபெயர்ப்பில்தான் படித்தார்கள்.

1960இல் அதெனெயோ தெ மணிலா பல்கலைக்கழகத்தில் பிலிப்பைன்ஸ் பண்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஏசு சபை மானிடவியலாளர் ஃபிராங்க் லின்ச், பிலிப்பினோ நடத்தையின் மையம் பிறரோடு முரண்படாமல் போவது என்றார். நாணம், நன்றிக்கடன், ஒத்துப்போதல் ஆகியவை தேசிய விழுமியங்கள் என்ற பெயரில் பாடநூல்களில் இடம்பிடித்தன. எழுத்தாளர் நிக் ஹோவாகின் 1966இல் தம் மக்களையே சாடினார்: தெருமுனைப் பெட்டிக்கடை, ஒற்றை ஒற்றையாகச் சிகரெட் வாங்கும் சில்லறை வணிகம், பெரிதாக எதையும் எண்ணத் தயங்கும் மனம். வெளியார் தீட்டிய சித்திரத்தின் சாயல் உள்ளூர் எழுத்திலும் விழத் தொடங்கியது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று 1971இல் திரும்பிய உளவியலாளர் விர்ஜிலியோ என்ரிக்கெஸ், லின்ச் பட்டியலிட்டவை மேற்பரப்பு மட்டுமே என்றார். பிறரைத் தன்னில் ஒரு பகுதியாகவே காணும் ‘கப்வா’ உணர்வு அவற்றுக்கு அடியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒத்துப்போதலை மட்டும் பார்த்தால் அது அடிமைத்தனமாகத் தெரியும் என்பது அவர் வாதம். 1979இல் வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலெட்டோ ‘பஸ்யோனும் புரட்சியும்’ நூலில் வேறு இடத்தில் தோண்டினார். புனித வாரத்தில் வீடுகளிலும் சிற்றாலயங்களிலும் ஆள் மாற்றி ஆள் இரவு பகலாக ராகத்தோடு ஓதப்படும் கிறிஸ்துவின் பாடுகளின் காவியம், ஸ்பானியர் பணிவைக் கற்பிக்கத் தந்தது. ஏழை விவசாயிகளுக்கோ அதுவே துன்பம், தியாகம், மீட்பு என்ற புரட்சியின் மொழியானது. பொறுமை என்று வெளியார் எழுதிவைத்த குணத்துக்குள் எதிர்ப்பு குடியிருந்ததை இலெட்டோ காட்டினார்.

1986 பிப்ரவரியில் அதிபர் மார்கோஸை வீழ்த்திய மக்கள் எழுச்சிக்கு அடுத்த ஆண்டு, அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ், நாட்டின் வறுமைக்குப் பழுதுபட்ட பண்பாடே காரணம் என்று எழுதியது மணிலாவில் பெரும் கோபத்தைக் கிளப்பியது. உள்ளேயும் அதே கேள்வி எழுந்திருந்தது. செனட்டர் லெதிசியா ராமோஸ் ஷஹானியின் முயற்சியில் உளவியலாளர் பட்ரிசியா லிகுவானன் தலைமையிலான குழு 1988இல் ஒழுக்க மீட்பு அறிக்கையை அளித்தது. அதில் பலங்களின் பட்டியலில் கடின உழைப்பு உண்டு. பலவீனங்களின் பட்டியலில் செயலற்றிருத்தலும் முன்கை எடுக்காமையும் உண்டு. இரண்டுக்கும் வேர்களாகக் குடும்பம், பள்ளி, சமயம், காலனி வரலாறு, பொருளாதாரம், அரசியல் ஆகியவை சொல்லப்பட்டன. 1890இல் ரிசால் வகுத்த முறையும் ஏறக்குறைய இதுதான்.

அறிக்கை வெளிவந்த அதே 1988இல் அதிபர் கோராசன் அக்கினோ ஹாங்காங்கில் பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண்களிடையே பேசியபோது, அவர்களை நாட்டின் புதிய வீரர்கள் என்றார். 1974 தொழிலாளர் சட்டத்தின் வழியே வெளிநாட்டு வேலையை அரசு முறைப்படுத்தியிருந்தது. அப்படிப் போனவர்கள் அனுப்பிய அன்னியச் செலாவணி கடனில் தத்தளித்த கருவூலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. உள்ளூரில் செயலற்றவர் என்று கண்டிக்கப்பட்ட குடிமகன், கடல் கடந்து பிறர் வீட்டைப் பராமரிக்கும்போது சலியாத உழைப்பாளியாகப் போற்றப்பட்டான். இம்முறை இரண்டு சித்திரங்களையும் தீட்டியது அவனுடைய சொந்த அரசுதான்.