.22 ரைஃபிள்

.22 ரைஃபிள்: 5.6 மி.மீ. குண்டைச் சுடும், பின்னுதைப்பு மிகக் குறைந்த துப்பாக்கி. தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்பிலேயே இருக்கும்; ஊசி அதை நசுக்கியதும் வெடிக்கும். பரவலாகப் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் உருவானது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மாணவர்கள் தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சேர்ந்தால் சுடப் பழகுவது இதில்தான். படுத்த நிலையில், 25 கஜ தூர இலக்கை நோக்கி.

சொந்தமாக வாங்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே அனுமதி. ஆகவே தேர்வில் நிதானம் வேண்டும். இலக்குப் பயிற்சிக்கு ஏற்றது, கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வகை. துப்பாக்கிக் கட்டையின் நீளம் தோளுக்கும் கைக்கும் பொருந்த வேண்டும்.

வாங்கிய பின், துல்லியத்தை மேம்படுத்துவது தோட்டாவில் தொடங்குகிறது. ஒரே ரைஃபிள் ஒரு நிறுவனத் தோட்டாவை நெருக்கமாகக் குவிக்கும், இன்னொன்றைச் சிதறடிக்கும். பல வகைகளைச் சுட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அடுத்தது துளைக் குறிநோக்கி, பிறகு சீராக விடுபடும் விசை, தோள்வார்.

இந்த நுணுக்கங்களின் பயன் 50 மீட்டர் போட்டியில் தெரியும்: அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தூரத்தில், மூன்று நிலைப் பிரிவில்.