மேன்முறையீடு

கேகாலை மாவட்டத்து அரநாயக்கத் தோட்டங்களில் இதை 'அப்பீல்' என்பார்கள். இலங்கைச் சட்டத் தமிழில் மேன்முறையீடு, தமிழ்நாட்டில் மேல்முறையீடு. மகரத்தின் முன் லகரம் னகரமாகத் திரியும் பழைய புணர்ச்சியை இலங்கை கைவிடவில்லை. கேகாலை நீதிமன்ற ஏடுகள் சிங்களத்தில் இருக்கும். அங்கே இதன் பெயர் 'அபியாசனய'. நம் 'யாசக'த்துக்கும் அதற்கும் வேர் ஒன்றே.

தமிழ்ச் சொல்லில் யாசகம் இல்லை. முறை என்றால் நீதி. குறளில் அரசன் செய்வது முறை. ஓலமிடு, கூக்குரலிடு போல முறையிடு. "இது முறையோ?" என்று வாய்விட்டுக் கேட்பது. பாண்டியன் அவையில் கண்ணகி செய்தது அதைத்தான். அந்தக் கதையில் அரசனுக்கு மேல் வேறு மன்றம் கிடையாது. தீர்ப்பு பிழையென்று தெரிந்ததும் அவனே உயிர்விட்டான். ஒரு மன்றத்தின் பிழையை இன்னொரு மன்றம் திருத்தும் ஏற்பாட்டைச் சொல்லத்தான் 'மேல்' தேவைப்படுகிறது.

இந்தச் சொல்லைக் கேட்டு, பட்ட துயரத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லலாம் என்று நம்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேல் மன்றத்தில் பொதுவாகச் சாட்சிகளை மீண்டும் அழைப்பதில்லை. கீழே பதிவான ஏட்டை வைத்துக்கொண்டு, நீதிபதி சட்டத்தில் எங்கே தவறினார், சான்றுக்கு மாறாக எதை முடிவு செய்தார் என்றே பார்க்கிறார்கள்.

கேகாலை மாவட்டத்திலிருந்து அப்படி மேலே போன வழக்குகளில் மலையகம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார் கோடகன் பிள்ளை. இடாப்பைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரு சமூகத்தின் மீது மட்டும் பாதகம் சுமத்தும் சட்டங்களைத் தடுத்த அன்றைய சோல்பரி அரசியல் யாப்பின் 29(2)ஆம் பிரிவுக்கு இச்சட்டங்கள் முரண் என்றார். பதிவு அதிகாரி முதநாயக்க, அந்தத் தீர்ப்பை அழிக்கும் உறுதிகேள் எழுத்தாணை கேட்டு உயர் நீதிமன்றம் போனார். 1951இல் அந்தத் தீர்ப்பு அழிக்கப்பட்டது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் நாட்டுக்குள் உச்ச மன்றம்.) கோடகன் பிள்ளையின் மேன்முறையீடு அன்று அதற்கும் மேலே இருந்த லண்டன் கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) போனது. யார் தன் குடிமக்கள் என்று தீர்மானிப்பது பாராளுமன்றத்தின் உரிமை என்று சொல்லி, 1953இல் கழகம் அதைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பு அநீதியானது என்றே நான் கருதுகிறேன். அந்தச் சட்டங்கள் யாரை வெளியே தள்ளின என்பதற்கு உரிய எடை கொடுக்கவில்லை. அதற்கு மேல் முறையிட மன்றமும் இல்லை.

கோமறைக் கழகத்துக்குப் போகும் வழி 1971இல் மூடப்பட்டது. இன்றுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 1978 யாப்பில் வந்தது. நீதவான் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்ப்பவர் முதலில் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் மாவட்ட நீதிமன்றக் குடியியல் வழக்குகளும் மாகாணத்துக்கே போகின்றன. குடியியல் வழக்கில் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள். தீர்ப்பு நாளும் ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் சேரா. மனுவுக்குத் தீர்ப்பிலிருந்து 60 நாள். மேலே போகும் இந்த இரண்டையும் தீர்ப்பளித்த கீழ் நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

வேலைநீக்க வழக்குகளில் வாசல் இன்னும் குறுகல். தொழில் நியாய சபையின் கட்டளைக்கு எதிராகச் சட்டப் பிரச்சினை ஒன்றை வைத்தே மேன்முறையீடு செய்யலாம். சான்றோடு சற்றும் பொருந்தாத முடிவு போன்ற நிலைகளில்தான் நடந்தவை பற்றிய தீர்மானத்தில் கை வைக்கலாம் என்று, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கு எதிரான ஜயசூரிய வழக்கில் 1995இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே செக்ரோல் எனும் தோட்ட வரவேட்டின் பக்கமும் சம்பளச் சிட்டையும் முதல் விசாரணையிலேயே சான்றாக ஏட்டில் ஏற வேண்டும். அங்கே ஏறாத தாளை மேலே போய்க் காட்டுவது மிகக் கடினம்.