கடல் கடக்க யாருக்கு அனுமதி?

கொல்லிமலையில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு இளைஞர் பாஸ்போர்ட் எடுத்தால், அது 'இசிஆர்' பாஸ்போர்ட்டாகத்தான் வரும். குடிபெயர்வுச் சோதனை தேவை என்று அதற்குப் பொருள். சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்கு விசா மட்டும் போதாது. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதியும் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தத் தடை இல்லை.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஒப்பந்தக் கூலிகளின் காலத்துக்குப் போக வேண்டும்.

அடிமை முறை ஒழிந்த பிறகு, பிரிட்டிஷ் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பஞ்சமும் சாதியும் துரத்திய நம் மக்கள் கப்பலேறினார்கள். அவர்களைக் கண்காணிக்க அந்தக் காலத்தில் உருவான பதவிதான் பாதுகாவலர். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புக் காடுகளுக்கு வந்த முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள்.

1897இல் அதே நேட்டால் ஒரு சட்டம் போட்டது. சொந்தமாக வந்து இறங்குபவர் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். நிறத்தின் பெயரைச் சொல்லாமலே நிறத்தவரைத் தடுக்கும் வழி இது. 1901இல் ஆஸ்திரேலியாவும் இதையே பின்பற்றியது. ஆனால் ஒப்பந்தக் கூலிகளுக்கு நேட்டாலில் இந்தத் தேர்வு கிடையாது. உன் உழைப்பு வேண்டும், சுதந்திர மனிதனாக நீ வேண்டாம் என்பதே அதன் பொருள்.

எழுத்து தெரிந்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பெயர் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1900 வாக்கில் நாட்டை விட்டுப் புறப்பட்டுத் தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தியுடன் பழகினார். நாடு திரும்பி 1923இல் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தார். அவர் பிறந்த அதே சேரிகளிலிருந்து கரும்புக் காட்டுக்குப் போனவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வேறுபாடு பள்ளிக்கூடம்தான்.

1917இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. 1922 குடிபெயர்வுச் சட்டம், திறனற்ற தொழிலாளர் என்று ஒரு வகையை வைத்து, அவர்கள் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதை அரசே தீர்மானிக்கச் செய்தது.

விடுதலைக்குப் பிறகும் இந்தப் பார்வை மாறவில்லை. 1950களில் எழுத்தறிவு குறைந்த, கூலி வேலைக்குப் போகக்கூடியவர்களுக்கு, குறிப்பாக பிரிட்டனுக்குச் செல்ல, பாஸ்போர்ட் தருவதை நம் அரசே கட்டுப்படுத்தியது. அவர்கள் போனால் நாட்டின் மானம் போகும் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. யாருடைய மானம்? பாஸ்போர்ட் அன்று உரிமையல்ல, அதிகாரி தரும் சலுகை. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில்தான் வெளிநாடு செல்வது 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே பாஸ்போர்ட் சட்டமும் வந்தது.

1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தபோது பழைய பாதுகாவலர் பதவி அப்படியே தொடர்ந்தது. இசிஆர் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக 2018 ஜனவரியில் அரசு அறிவித்தது. படிக்காதவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டுவதற்குச் சமம் அது. எதிர்ப்பு கிளம்பவே, அதே மாதம் திரும்பப் பெற்றது.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும், சம்பளம் தராததும் உண்மை. ஆனால் பள்ளியைத் தராத அரசு, பள்ளி முடிக்காததையே காரணம் காட்டி ஒருவரை நிறுத்துவது எப்படி நியாயம்? கொல்லிமலையில் ஒரு பழங்குடிப் பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டாமல் நிற்பது அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. விடுதியும் ஆசிரியரும் பேருந்தும் ஒழுங்காக இல்லாததன் விளைவு அது.

இந்தத் தடையைத்தான் ஏமாற்று ஏஜென்ட் காசாக்குகிறான். "அனுமதி எல்லாம் வேண்டாம், சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான். அப்படிப் போனவருக்குப் பதிவான ஒப்பந்தம் கிடையாது, காப்பீடும் கிடையாது. அடித்தாலும் சம்பளத்தை மறுத்தாலும் அவரே சட்டவிரோதமாக வேலை செய்தவர் ஆகிவிடுகிறார்.

எனவே தோழர்களே, மலைக்குப் போகும்போது இந்தச் செய்திகளையும் கொண்டு போங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் யார் என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதை ரசீதோடு கொடுக்க வேண்டும். அனுமதியோடு போகும் தொழிலாளிக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவர்கள், சான்றிதழைக் காட்டாமல் எடுத்த பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம். இடைநின்றவர்கள் தனித்தேர்வராக எழுதலாம்.

இவை இன்றைக்குச் செய்ய வேண்டியவை. நீண்ட காலத்துக்கு நம் கோரிக்கை இரண்டு. ஒன்று, சேரியிலும் மலையிலும் ஒரு பிள்ளைகூட இடைநிற்காத பள்ளி. மற்றொன்று, தொழிலாளியின் படிப்பை அளக்காமல், அவரை அழைக்கும் முதலாளியையும் அனுப்பும் ஏஜென்டையும் சோதிக்கும் சட்டம். ஒப்பந்தக் கூலிகளின் காலம் முதல் சோதிக்கப்படுவது கூலிக்காரர்தான். இனி சோதனை மற்ற பக்கத்துக்குப் போகட்டும்.