ஸ்பான்சர் உரிமம்: பிரிட்டன் அரசு முதலாளியிடம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை

பிரிட்டனில் வேலை உறுதியாகிவிட்டது என்ற கடிதத்தை நம்பி, முகவருக்குக் கட்டுவதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அழைக்கும் நிறுவனத்துக்கு வெளிநாட்டவரை வேலைக்கு அமர்த்த அனுமதி இருக்கிறதா என்ற கேள்வி, பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகே எழுகிறது. அந்த அனுமதியே ஸ்பான்சர் உரிமம்.

இதை வழங்குவது பிரிட்டன் உள்துறை அமைச்சகம். விண்ணப்பிக்கும் நிறுவனம் அந்நாட்டில் சட்டப்படி, உண்மையாகவே தொழில் நடத்துவதை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். உரிமத்துக்குப் பொறுப்பேற்கும் அலுவலர், அமைச்சகத்தின் தொடர்பாளர், இணையவழிப் பதிவுகளைக் கையாள்பவர் ஆகியோரை நியமிக்க வேண்டும். ஒருவரே மூன்று பொறுப்புகளையும் ஏற்கலாம். மோசடி, குடியேற்றச் சட்ட மீறல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்கள் இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். காட்டப்படும் பணியிடம் உண்மையானதாகவும், வரையறுத்த திறனையும் ஊதியத்தையும் எட்டுவதாகவும் இருக்க வேண்டும். அலுவலர்கள் முன்னறிவிப்பின்றி வந்து சோதிக்கலாம். 2025 ஏப்ரல் 9 முதல் விண்ணப்பக் கட்டணம் சிறு நிறுவனத்துக்கு 574 பவுண்டு, பெரிய நிறுவனத்துக்கு 1,579 பவுண்டு என்றானது.

உரிமம் கிடைத்தபின் தொடரும் கடமைகளையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தொழிலாளியின் முகவரி, தொலைபேசி எண், வருகை, ஊதியம் ஆகியவற்றை முதலாளி பதிந்து வைக்க வேண்டும். அனுமதியின்றித் தொடர்ந்து பத்து வேலைநாள்களுக்கு மேல் அவர் வராவிட்டால் அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஊதியத்தைக் குறைத்தாலும் தெரிவித்தாக வேண்டும். அது தொழிலாளிக்கு ஓரளவு காப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டின் சாரம் வேறு. எல்லைக் காவலின் ஒரு பகுதி முதலாளியிடம் ஒப்படைக்கப்படுகிறது; யாருக்கு எதிராகத் தொழிலாளி புகார் சொல்ல வேண்டியிருக்குமோ, அவரே அரசுக்குத் தகவல் சொல்பவராகவும் ஆகிறார்.

முதலாளி தவறிழைத்து உரிமம் பறிபோனால் என்ன நடக்கும்? தொழிலாளியின் விசாக் காலம் வழக்கமாக 60 நாள்களாகச் சுருக்கப்படுகிறது. அதற்குள் உரிமம் பெற்ற வேறொரு முதலாளியைக் கண்டுபிடித்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நாடு திரும்ப வேண்டும். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கும் மேற்பட்ட உரிமங்களை ரத்து செய்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது. அவற்றோடு தொடர்புடைய தொழிலாளர் 39,000 பேருக்கு மேல். குற்றம் முதலாளியுடையது, நாள் எண்ணுவது தொழிலாளி. ஊரில் கடன் வைத்துவிட்டுச் சென்றவர் சுரண்டலைச் சகித்துக்கொண்டு வாய் திறவாதிருப்பதில் வியப்பில்லை.

செலவு பற்றியும் தெளிவு வேண்டும். முதலாளி அரசுக்குச் செலுத்தும் குடியேற்றத் திறன் வரியைத் தொழிலாளியிடம் வசூலிக்க விதிகள் இடம் தரவில்லை. 2024 டிசம்பர் 31 முதல், திறன்சார் பணியாளருக்கான உரிமக் கட்டணத்தையும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்க் கட்டணத்தையும்கூட அவர் தலையில் சுமத்தக்கூடாது. சான்றிதழுக்கு இவ்வளவு லட்சம் என்று ஒரு முகவர் விலை சொன்னால் அது விதிமீறலே. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணமோ 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே.

உரிம விண்ணப்பத்தில் சாதி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒரே நாட்டவராக இருக்கும் இடங்களில் இது சிறிய விடுபடல் அன்று. உரிமத் திட்டத்துக்கு வெளியே, வீட்டுவேலைக்காக 2008இல் பீகாரிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆதிவாசிப் பெண்ணின் வழக்கு நமக்குச் சான்று. தரையில் படுக்கவைத்து, மணிக்குச் சில பென்ஸ் கூலியில் அவரை நாலரை ஆண்டுகள் உழைக்க வைத்தனர். திர்க்கி வழக்கு எனப்படும் அதில், சாதி இன மூலம் என்னும் வரையறைக்குள் அடங்கக்கூடும் என 2014 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. மறு ஆண்டு அவருக்குக் குறைந்தபட்ச ஊதிய நிலுவையாக 1,83,773 பவுண்டு வழங்க ஆணையாயிற்று. சாதியைச் சமத்துவச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் அரசைக் கடமைப்படுத்தியிருந்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டு, வழக்குத் தீர்ப்புகளே போதும் என்றது. ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே வழக்காடி மெய்ப்பிக்கட்டும் என்பதே அதன் பொருள்.

உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அமைச்சகம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கடிதத்திலுள்ள பெயரை அதில் தேடிப் பார்ப்பது முதல் வேலை; பெயர் இருப்பது நல்ல முதலாளி என்பதற்கு நற்சான்று ஆகாது. முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பது 2025 ஜூலை 22 அன்று நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் அந்த வேலைக்கு இங்கிருந்து ஆள் சேர்ப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம், எந்த விதியின் கீழ் விசா கிடைக்கும் என எழுதித் தரச் சொல்லுங்கள்.