எந்தக் கிளார்க்?

பாமன்கடையில் எங்கட நண்பன் ஒருத்தன்ர வீட்டு முன்னறையில் ஒரு உப்புத்தண்ணி மீன்தொட்டி இருக்கு. மூன்றடி நீளம். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் ஐந்து பேர் ஆளுக்குக் கொஞ்சக் காசு போட்டுத் தொடங்கினது. வெள்ளவத்தைக் கடல் நடந்து போகிற தூரம்தானே, தண்ணியை அங்கே அள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கால்வாய்த் தண்ணி முழுக்க அந்தக் கரையில்தான் வந்து சேருது என்று மீன் கடை அண்ணா சிரித்துவிட்டு, உப்புப் பக்கெட் ஒன்றைக் கையில் தந்தார்.

தொட்டியில் எங்களுக்குப் பிடித்த மீன் ஒரு கோமாளி மீன். ‘நீமோ’ இல்லை, அதன் சொந்தக்காரர். கறுப்பும் மண்ணிறமும் கலந்த உடம்பு, வெள்ளைப் பட்டிகள், மஞ்சள் வால். கடைக்காரர்கள் ‘கிளார்க்கி’ என்பார்கள். விஞ்ஞானப் பெயர் அம்பிபிரியன் கிளார்க்கி. இலங்கையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல், சுழியோட்டம், கிளார்க் என்றால் ஒரே ஆள்தான் ஞாபகம் வரும். ஆர்தர் சி. கிளார்க்! நாங்களும் அப்படித்தான் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பிறகு தேடிப் பார்த்தால் வெட்கமாகப் போய்விட்டது. மீனுக்குப் பெயர் வைத்தது 1830இல். ஆர்தர் சி. கிளார்க் பிறந்ததே 1917இல்.

அப்படியென்றால் இது எந்தக் கிளார்க்? இந்தக் கேள்வியால்தான் இந்தக் கட்டுரை.

பிரித்தானியர் காலத்தில் ஜோன் விட்சர்ச் பெனட் என்ற அதிகாரி இங்கே சேவையில் இருந்தார். இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றி வர்ணப் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். 1828இல் வெளிவரத் தொடங்கி 1830இல் முடிந்தது. மொத்தம் 30 படங்கள். அந்தப் படங்களைத் தகட்டில் செதுக்கிக் கொடுத்தவர் ஜோன் ஹெவிசைட் கிளார்க் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். மீனுக்குக் கிடைத்தது அவருடைய பெயர்தான். உலகத்தில் எத்தனையோ வீட்டுத் தொட்டிகளில் நீந்துகிற ஒரு இலங்கை மீன், பிரித்தானியாவில் இருந்த ஒரு செதுக்குக் கலைஞரின் பெயரோடு நீந்துது.

அதே புத்தகத்தில்தான் சிங்கமீன் இனம் ஒன்றும் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாகிறது. தெரோயிஸ் மைல்ஸ் என்பது பெயர். ‘மைல்ஸ்’ என்றால் லத்தீனில் போர்வீரன். தொட்டிப் பிரியர்கள் உயிரை விடுகிற நீலநிற ‘பவுடர் புளூ’ மீனையும் இலங்கை மீனை வைத்துத்தான் 1833இல் இன்னொரு பெனட் விவரித்தார். ஆக, கடல் மீன் வளர்ப்பவர்கள் ஆசைப்படுகிற மூன்று மீன்களின் பெயர்ப்பதிவு எங்கட கரையிலிருந்து போனது.

பெனட்டின் புத்தகத் தலைப்பிலேயே ஒரு தகவல் இருக்கு. படங்கள் தீவின் தென்பகுதியில், உயிருள்ள மீன்களைப் பார்த்து வரையப்பட்டவையாம். உயிருள்ள மீன் தானாக மேசைக்கு வராது. யாரோ ஒருவர் முருகைக் கற்பாறைக்குள் இறங்கி, காயப்படுத்தாமல் பிடித்து, தண்ணியோடு கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். செதுக்கினவருக்கு மீன் கிடைத்தது. பிடித்தவருக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியை அப்படியே தள்ளிக்கொண்டு வரலாம். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன்களுக்கென்று தனி மண்டபம் திறந்தார்கள். சென்னையில் அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் 1909இல் மெரினாக் கரையில் கடல்மீன் காட்சிச்சாலை வந்தது. இலங்கையிலிருந்து அலங்காரக் கடல் மீன் ஏற்றுமதி 1930களில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. ஜோன் ஹாகன்பெக்கின் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை அரசாங்கம் பொறுப்பெடுத்ததும் அந்தக் காலத்தில்தான், 1936இல்.

வியாபாரம் பெருத்தது 1950களில். சுழியோடிகள் முதுகில் காற்றுச் சிலிண்டர் ஏறியது. மீனைப் பிளாஸ்டிக் பையில் ஒட்சிசன் நிரப்பி விமானத்தில் அனுப்ப முடிந்தது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்த ரொட்னி ஜொங்க்ளாஸ் இந்தத் துறையின் முன்னோடி. கடல் மீன் சேகரிப்பது பற்றி 1975இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய சுழியோட்டக் கூட்டாளிகள் மைக் வில்சனும், இந்த இடத்தில் கடைசியாக உள்ளே வருகிற ஆர்தர் சி. கிளார்க்கும். 1956இல் திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் எச்சங்களைக் கடலடியில் பார்த்தவர்களும் கிளார்க்கும் வில்சனும்தான். ஜொங்க்ளாஸ் பெயரிலும் ஒரு மீன் இருக்கு, ஆனால் அது நன்னீர் மீன்.

பிறகு யுத்தம். வடக்கு கிழக்கில் கடலில் இறங்கவே கட்டுப்பாடு. எங்கட நண்பனின் அம்மப்பா மயிலிட்டிக்காரர். 1990இல் வெளிக்கிட்டவர். மயிலிட்டித் துறைமுகம் திரும்ப விடுவிக்கப்பட்டது 2017இல். இருபத்தேழு வருசம் கடல் இல்லாமல் வெள்ளவத்தை மாடி வீட்டில் இருந்த மனிசன், எங்கட தொட்டியைப் பார்த்துச் சொன்னது: “கறிக்கும் போடேலாது, விக்கவும் ஏலாது. இதுக்குப் போய் இவ்வளவு காசோ?”

ஆனால் சிங்கமீன் வாங்குவோமா என்று நாங்கள் கதைத்தபோது அவர் எழும்பி வந்தார். “முள்ளுக் குத்தினால் சுடுதண்ணிக்குள்ள கையை வை, தாங்கக்கூடிய சூடு” என்றார். சரியான வைத்தியம். அந்த நஞ்சு வெப்பத்தில் கெடும். வலை இழுக்கிறவர்களிடம் புழங்கி வந்த இந்த அறிவுக்கு எந்தப் பெயர்ப்பதிவும் இல்லை.

சிங்கமீன் வாங்கவில்லை. அதற்கு வேறொரு காரணமும் இருக்கு. 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் சிங்கமீன் ஒன்று தென்பட்டது. அது அங்கத்தைய மீனே இல்லை. வீட்டுத் தொட்டிகளிலிருந்து கடலில் விடப்பட்டவையே பெருகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி, உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்குது. வளர்க்க ஏலாது என்று ‘பாவம் பார்த்து’ கடலில் விடுவதும் பாவம்தான்.

எங்கட பாவத்தையும் சொல்லிவிடுகிறோம். அவசரப்பட்டு ஒரு பவுடர் புளூ வாங்கினோம். தொட்டி வைத்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்டீரியா வளர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கலாம். அதற்குள் மீனை விட்டது நாங்கள். ஒன்பதாம் நாள் காலை மீன் பக்கவாட்டில் கிடந்தது. காசு போனது ஒரு பக்கம். கடலில் பல வருசம் வாழக்கூடிய உயிர் அது.

நன்னீர்த் தொட்டி மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவை. அதாவது எங்கட ஒவ்வொரு தவறுக்கும் இன்னொரு மனிதர் திரும்பவும் கீழே இறங்குகிறார். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டும். கை கால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். முருகைக்கல்லும் 1998இன் கடல் வெப்பத்தில் வெளிறி ஒருமுறை அடிவாங்கினது. அதே வருசம்தான் உயிர் மீன் ஏற்றுமதிக்கான ஒழுங்குவிதிகளும் வந்தன. சில இனங்களை அனுப்பவே கூடாது.

அதற்காகத் தொட்டியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மீன் பிடித்து விற்பதும் ஒரு குடும்பத்தின் சோறுதான். கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம். மன்னாருக்கு எதிர்க்கரையில் மண்டபத்தில் இருக்கிற இந்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பொரித்த குஞ்சு தொட்டிக்குப் பழகினது, செத்துப்போகிற வாய்ப்பும் குறைவு.

எனவே உப்புத்தண்ணித் தொட்டி வைக்க ஆசைப்படுகிற தோழர்களுக்கு இரண்டே விசயம். தொட்டி தயாராகும் வரை பொறுங்கள். பிறகு கடையில் விலையைக் கேட்கிறதுக்கு முதல், இது எந்தக் கடலில் பிடித்தது, யார் பிடித்தது என்று கேளுங்கள். நாங்கள் கேட்டோம். எங்கட கிளார்க்கி எந்தக் கரையிலிருந்து வந்தது என்று அந்த அண்ணாவுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை விசாரித்து வைக்கிறன் என்றார். அவர் விசாரித்துச் சொல்லும் வரை நாங்கள் புது மீன் வாங்குவதாக இல்லை.