திருப்பதியில் படித்தவரும் மூன்று சுண்டெலிகளும்

"எலிக்குக் குணமாயிடுச்சாமே, மனுஷனுக்கு எப்போ?" ஊரிலிருந்து யாராவது ஒரு செய்தித் துணுக்கை அனுப்பிவிட்டு இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. 'எந்த எலிக்கு?' என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு ஹண்டிங்டன் நோயின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கதையில் திருப்பதியில் படித்த ஒருவரும் வருகிறார் என்பதால் சித்தூர்க்காரனான எனக்குக் கூடுதல் ஆர்வம்.

முதலில் நோய். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல், 50-க்குள் ஆரம்பிக்கும். கை கால்கள் தன் இஷ்டத்துக்கு ஆடும். குணம் மாறும், நினைவு மங்கும். 15, 20 வருடங்களில் ஆளை முடித்துவிடும். 1872-ல் இதைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க டாக்டர்.

எங்கள் பக்கம் தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகளைக் கட்டுவது சகஜம். அதனால் பரம்பரை வியாதி என்றாலே 'சொந்தத்துல கட்டினா அப்படித்தான்' என்பார்கள். இந்த நோய்க்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு ஒரே ஒரு பிரதி வந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அசலில் பெண் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அந்த மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அதில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 35 தடவை வரை வந்தால் நோய் வராது. 36 முதல் 39 வரை, வரலாம், வராமலும் போகலாம். 40-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அநேகமாகத் தப்பிக்க முடியாது.

சரி, சுண்டெலிக்கு வருவோம். சுண்டெலிக்கு இந்த நோய் தானாக வராது. அதனிடமும் இதே மரபணு உண்டு, ஆனால் சி-ஏ-ஜி வருவது ஏழே தடவை. ஆகவே மனித மரபணுவைச் சுண்டெலியின் கருவுக்குள் செலுத்தித்தான் நோயை வரவழைக்க வேண்டும். சுண்டெலியின் ஆயுள் இரண்டு வருடம்தான் என்பதால், நோய் அதற்குள் தெரிய சி-ஏ-ஜியின் எண்ணிக்கையையும் ஏற்ற வேண்டும்.

முதல் வெற்றி 1996-ல் லண்டனில் கில்லியன் பேட்ஸ் குழுவுக்கு. மரபணுவின் 67 துண்டுகளில் முதல் துண்டை மட்டும் செலுத்தினார்கள். சி-ஏ-ஜி சுமார் 150. இரண்டு மாதத்துக்குள்ளேயே நடுக்கமும் தடுமாற்றமும் தெரிந்தன, மூன்று மாதத்தை ஒட்டி இறந்தன. ஆர்-6/2 என்று பெயர். 1997-ல் இந்தச் சுண்டெலிகளின் மூளைச் செல்களுக்குள் புரதக் கட்டிகளைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் இறந்துபோன நோயாளிகளின் மூளையிலும் அவை இருப்பது தெளிவானது. ஆனால் ஒரு குறை. மனிதர்களுக்கு மூளையின் உள்ளே ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் செல்கள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. இந்தச் சுண்டெலிகளிலோ மூளை சுருங்கியது, செல்சாவு மிகக் குறைவு.

இங்கேதான் நம்மவர் வருகிறார். பி. ஹேமச்சந்திர ரெட்டி. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். (1954-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். அப்போது திருப்பதி சித்தூர் ஜில்லா, 2022 ஏப்ரலில்தான் தனி மாவட்டம் ஆனது.) மத்தியப் பிரதேசத்தின் பைகா பழங்குடியினரிடையே ரத்தசோகை, உறவுத் திருமணம் பற்றி அவர் பங்கேற்ற ஆய்வுகள் 1995-ல் வெளிவந்தன. அடுத்து அமெரிக்க தேசிய மனித மரபணு ஆய்வு நிறுவனத்தில் டானிலோ டாகிள் குழுவோடு சேர்ந்து செய்ததுதான் இரண்டாவது சுண்டெலி.

துண்டு வேண்டாம், முழுப் புரதத்தையும் உண்டாக்கும் செய்தியையே கொடுப்போம் என்பது அவர்கள் வழி. சி-ஏ-ஜி 16, 48, 89 என மூன்று வகை. 16 உள்ளவை ஒப்பிட்டுப் பார்க்க. மற்றவை வாலைப் பிடித்துத் தூக்கினால் கால்களை மடக்கிக்கொண்டன. பிறகு நிலைகொள்ளாமல் ஓடின, வட்டமடித்தன. கடைசியில் அசைவே குறைந்து ஒடுங்கின. மூளையைப் பார்த்தால் ஸ்ட்ரையேட்டத்தில் செல்கள் செத்திருந்தன. 1998-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் இது வெளிவந்தது. 'ஓட்டம், பிறகு ஒடுக்கம், கூடவே செல்சாவு' என்று மனித நோயின் வரிசையே சுண்டெலியில் தெரிந்தது.

மூன்றாவது, 2000-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஐ யமமோட்டோ, ஹோசே லூக்காஸ், ரெனே ஹென் செய்தது. மரபணுவுக்கு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். குடிநீரில் டாக்ஸிசைக்ளின் (ஆமாம், நம்மூர் மருந்துக்கடை ஆன்டிபயாடிக்தான்) கலந்தால் மரபணு அணையும். நோய் முற்றிய பிறகு அணைத்துப் பார்த்தார்கள். கட்டிகள் கரைந்தன, நடை தேறியது. செய்தது செய்ததுதான், இனி திரும்பாது என்ற எண்ணம் அன்று உடைந்தது. இதே நம்பிக்கையில்தான் மரபணுவின் சத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் கிளம்பின.

ஆனால் அவற்றில் முன்னணியில் இருந்த டோமினெர்சென் சோதனையில் மருந்து கொடுப்பதை 2021 மார்ச்சில் ரோஷ் நிறுத்தியது. அதிகம் மருந்து பெற்றவர்கள் வெற்று மருந்து பெற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். 2025 செப்டம்பரில் யூனிக்யூர் நிறுவனம், மூளைக்குள் செலுத்தும் தன் மரபணு சிகிச்சை மூன்று வருடத்தில் நோயின் வேகத்தை 75 சதவீதம் குறைத்ததாக அறிவித்தது. அந்தக் கணக்கில் மூன்று வருடம் நிறைந்த, உயர்ந்த அளவு பெற்ற நோயாளிகள் 12 பேர்தான். மகிழ்ச்சியான சேதி, சின்னக் கூட்டம்.

ஆக, ஒவ்வொரு சுண்டெலியும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னது. முதலாவது, ஒரு துண்டே விஷம் என்றது. ரெட்டியின் சுண்டெலி, முழுப் புரதம் செல்களை எப்படிக் கொல்கிறது என்று காட்டியது. மூன்றாவது, அணைத்தால் மூளை ஓரளவு மீளும் என்றது. எவ்வளவு மருந்து, எந்த வயதில், எத்தனை வருடம் என்பதை எந்தச் சுண்டெலியும் சொல்லவில்லை. அதற்கு மனிதர்கள்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது, 2021-ல் நஷ்டப்பட்டவர்களும் சேர்த்து.

அடுத்த முறை 'எலிக்குக் குணமாயிடுச்சு' என்று சேதி வந்தால், வீட்டில் நோயாளி இருப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எலி? மரபணுவில் துண்டா, முழுசா? மருந்து கொடுத்தது நோய் வருவதற்கு முன்னாலா, வந்த பிறகா? பதில் இல்லையென்றால் நிலத்தை விற்றுக்கொண்டு எங்கும் ஓட வேண்டாம்.