அறுபது இராவுணவுகள்

நம்மில் பலருடைய வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே இயேசுவின் இறுதி இராவுணவுப் படம் மாட்டியிருக்கும். நடுவில் ஆண்டவர், இருபுறமும் ஆறு ஆறாகச் சீடர்கள். அதன் மூல ஓவியம் இத்தாலியின் மிலான் நகரில், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே கோவிலை ஒட்டிய தொமினிக்கன் துறவியரின் உணவறைச் சுவரில் இருக்கிறது. லியோனார்தோ தா வின்சி அதை ஏறக்குறைய 1495க்கும் 1498க்கும் இடையே வரைந்தார். தம்மோடு இருப்பவர்களில் ஒருவரே தம்மைக் காட்டிக்கொடுப்பார் என்று இயேசு சொன்னவுடன் (யோவா 13:21) சீடர்கள் பதறும் நொடி அது. சுவர்ப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைவது அக்கால வழக்கம். லியோனார்தோவோ காய்ந்த சுவரில் வரைந்தார். சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. ஆகவே உலகம் இந்த ஓவியத்தைப் பெரும்பாலும் பிரதிகள் வழியாகவே அறிந்திருக்கிறது.

பிரதி எடுப்பதையே தன் கலையாக்கிக் கொண்ட ஒருவர் ஆண்டி வார்ஹோல். 1962ல் சூப் டப்பாக்களை வரிசையாக வரைந்து புகழ்பெற்ற அமெரிக்க பாப் ஓவியர். கடைப்பொருள்களும் திரைப்பட நடிகர்களின் முகங்களுமே அவரது கருப்பொருள்கள். 1980களின் நடுவில் அலெக்சாந்தர் இயோலாஸ் என்ற கலைக்கூட உரிமையாளர் லியோனார்தோவின் இராவுணவை வைத்து ஓவியங்கள் செய்யுமாறு வார்ஹோலைக் கேட்டுக்கொண்டார். சிலவே போதுமாயிருந்தன. அவரோ ஏறக்குறைய நூறு செய்தார். மூல ஓவியத்தைப் பார்த்து அல்ல, மலிவான அச்சுப் பிரதிகளைப் பார்த்துத்தான். சிலவற்றைக் கையால் வரைந்தார். மற்றவற்றை, நம் ஊரில் பனியன்களில் படம் போடுகிறார்களே, அந்த ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டார். ஒன்றில் இராவுணவின்மீது இராணுவ உடையின் பச்சைப் புள்ளிகள் படர்ந்திருக்கும். இன்னொன்றில், ஏறக்குறைய 10 மீட்டர் அகலத் துணியில், அதே கறுப்பு வெள்ளைப் படம் அறுபது முறை வரும்.

அதிகம் பேரை முகஞ்சுளிக்க வைத்தது வேறொன்று. அதில் இயேசுவின் தலைக்கு மேலே டவ் சோப்பின் புறாச் சின்னம், பக்கத்தில் மின்விளக்கு செய்யும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் முத்திரை, கூடவே 59 சென்ட் என்ற விலைச்சீட்டு. முதலில் பார்த்தபோது நமக்கும் எரிச்சல்தான் வந்தது. புறாவில் தூய ஆவியாரையும், மின்விளக்கு முத்திரையில் ஒளியாகிய தந்தையையும் காண்போர் உண்டு. இந்த விளக்கம் சற்று வசதியானது என்றே நமக்குத் தோன்றுகிறது. விலைச்சீட்டை அது விட்டுவிடுகிறது. முப்பது வெள்ளிக்காசுக்கு விலைபேசப்பட்ட ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவல்லவா அது!

வார்ஹோல் கேலி செய்தார் என்று சொல்லிவிடவும் முடியவில்லை. அவர் 1928ல் பிட்ஸ்பர்க்கில், பைசண்டைன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். புனிதர்களின் திருவுருவங்கள் வரிசை வரிசையாய் நிற்கும் கோவிலில் சிறுவயது ஞாயிறுகளைக் கழித்தவர். பக்தி மிக்க அவரது தாய் யூலியா, நியூயார்க்கில் மகனோடு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். வார்ஹோலின் வாழ்க்கைமுறை நம் திருஅவை போதிப்பதிலிருந்து பல வகையில் விலகியே இருந்தது. ஆனாலும் நியூயார்க்கின் புனித வின்சென்ட் ஃபெரர் கோவிலுக்கு அடிக்கடி போவார். அதுவும் தொமினிக்கன் சபையாரின் கோவில்தான். பின்வரிசையில் இருந்துவிட்டுப் போய்விடுவார். அவர் நற்கருணை வாங்கியதையோ ஒப்புரவு அருட்சாதனம் பெற்றதையோ தாம் கண்டதில்லை என்று அக்கோவிலின் குரு பின்னர் கூறியிருக்கிறார்.

இதை அறிந்தபின் அந்த அறுபது படங்களை நாம் வேறுவிதமாகப் பார்க்கிறோம். மேசையை நெருங்கத் தயங்கிய ஒருவர் அந்த மேசையையே மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறார். ஒவ்வொரு பங்கிலும் பின்வரிசையில் நிற்பவர்களை, திருவிருந்து நேரத்தில் மெல்ல வெளியே நழுவுகிறவர்களை, குருக்களாகிய நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் உள்ளத்தில் என்ன பசி இருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா?

1987 சனவரி 22ல் மிலானில், அந்த உணவறைக்கு எதிரேயுள்ள மாளிகையில் ஓவியக் கண்காட்சி தொடங்கியது. சாலையின் மறுபுறம் லியோனார்தோவின் ஓவியத்தில், 1978 முதல் 1999 வரை நீடித்த சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. சரியாக ஒரு மாதத்தில், பிப்ரவரி 22ல், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப்பின் வார்ஹோல் இறந்தார். ஏப்ரல் 1ல் புனித பேட்ரிக் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில்தான், பெருவிழா நாள்களில் வீடற்றோருக்கு அவர் உணவு பரிமாறி வந்ததைப் பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். அதை அவர் விளம்பரப்படுத்தவில்லை. விளம்பரத்தையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதர்!

அறுபது இராவுணவுகள் கொண்ட ஓவியம் 2017ல் 6 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அதை வரைந்தவர் பிட்ஸ்பர்க் அருகே, பைசண்டைன் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தாய் தந்தையின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.